தட்டில் வளர்த்த தோல்

தபித்தாள் காலை முக்காலி மேல் தூக்கி வைத்து, பாதத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். குதிகாலை ஒட்டி ஒரு கறுப்புத் திட்டு.

"அட்டை கடின்னுதான் இத்தன நாளா சுண்ணாம்பு வெச்சேன். போகல. சர்ச்சுல நீ உள்ளங்கால்னு சொன்னதும் திக்குன்னு ஆயிருச்சு. பாரு தம்பி."

ஜெர்சன் குனியவில்லை. காப்பியை ஊதினான்.

"அட்டை கடிதான்க்கா. எஸ்டேட்ல யாருக்கு இல்ல?"

அன்று காலை, ஆராதனை முடிந்ததும், குன்னூர் தேவாலயக் கூடத்தில் படம் காட்டிப் பேசியவன் அவன்தான். கோவையில் அவன் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் மனிதத் தோலைத் தட்டில் வளர்க்கிறார்கள். அறுவை சிகிச்சையில் கழித்த தோலிலிருந்து செல்களைப் பிரித்து அடுக்கடுக்காக வளர்த்து, ஊடே நிறமிச் செல்களைக் கலக்கிறார்கள். அவற்றில் புற்றாகிப் போனவை எப்போது கீழடுக்குக்கு இறங்குகின்றன என்று பார்க்கிறார்கள். இறங்குமுன் பிடித்தால் ஆள் பிழைக்கலாம். இந்தப் புற்று நம்மவர்களுக்கு உள்ளங்காலில்தான் அதிகம் வருகிறது, கவனியுங்கள் என்றான். போதகர் பொன்னாடை போர்த்தினார். ஜெர்சன் இன்னும் அதைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

திட்டின் ஓரம் சிதறியிருந்ததையும் நிறம் இரண்டாக இருந்ததையும் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டான். படமாக வந்திருந்தால் உடனே பெயர் சொல்லியிருப்பான்.

"உங்க ஆஸ்பத்திரிக்கே வர்றேன். டாக்டர்கிட்ட காட்டு."

ஆய்வுக்கூடம் அந்த மருத்துவமனையின் மாடியில் இருந்தது. தன் அப்பா எஸ்டேட் மேனேஜர் என்று அங்கே சொல்லியிருந்தான். அப்பா தேயிலைக்கு மருந்தடித்தவர். அக்கா இன்றும் இலை பறிக்கிறாள். அவள் விரல் கறையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இவ்வளவுதான் அவன் பயம். இதற்கு மேல் அவனிடம் ஒன்றுமில்லை.

"அங்க ஒரே கூட்டம்க்கா. அப்பறம் பாக்கலாம்."

"கூட்டிட்டுப் போக வெக்கமா இருக்குதா?"

"சேச்சே."

"அப்பறம் ஏன்டா குனிய மாட்டேங்கற? ஊரான் தோலப் பொத்திப் பொத்தி வளக்கற, அக்கா காலுன்னா நாறுதா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான். பொன்னாடையைக் கசங்காமல் மடித்துப் பையில் வைத்தான்.

மறுநாள் தபித்தாள் லீவு சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு மாலதியுடன் ஊட்டி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் குனிந்து பார்த்தார். திட்டில் ஒரு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார். இருவரும் மதிய பஸ்ஸில் திரும்பினார்கள். கோவையில் ஜெர்சன் தட்டுகளுக்கு ஊட்டத் திரவம் மாற்றினான். போன் செய்யவில்லை.