தனியாக எடுத்துவைத்த பங்கு

போன பொங்கலன்று எங்கள் சபையில், வேதக்கோயில் வாசலிலேயே செங்கல் அடுக்கிப் பொங்கலிட்டார்கள். போதகர் ஐயர் அங்கியோடு வந்து ஜெபம் செய்து, முதல் கை அரிசியை அவரே பானையில் போட்டார். ஓய்வுபெற்ற டீச்சர் என்று எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பால் வழிந்து நெருப்பில் கருகிய வாசனை வந்ததும் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். கேட்டவர்களிடம் தலைவலி என்றேன். உங்களிடம் பொய் சொல்வானேன்.

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் காலனி ஒன்றில் எங்கள் வீடு. அப்பா வழியில் தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள். அம்மா பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் பிறந்த இந்து. கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுத்து எஸ்தர் ஆக்கினார்கள். அவளுடைய அண்ணன் துலுக்காணம் மாமாவுக்கு மட்டும் அவள் எப்போதும் குப்புதான். ஊரார் நிலத்தில் நாற்று, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர். பீடியும் வைக்கோலும் கலந்த வாசனை அவருக்கு முன்னாலேயே வீட்டுக்குள் வந்துவிடும்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் வந்து மூங்கில் பிளந்து எங்கள் நட்சத்திரத்துக்குச் சட்டம் கட்டித் தருவார். காகிதம் ஒட்டுவது நான். கோணல்மாணலாக இருக்கும். "அப்டி இருந்தாத்தான் நட்சத்திரம்" என்பார். பொங்கலன்று காலை பஸ்ஸில் கரும்பு, மஞ்சள் கொத்து, தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல், அம்மாவுக்கு ஒரு புடவை. சபையில் யாரும் அதைக் குற்றமாக எடுத்ததில்லை. அப்போது சபையை நடத்திய வயதான உபதேசியாரே எங்கள் கரும்பில் ஒரு கணு வாங்கிக் கடித்துக்கொண்டுதான் போவார்.

எழுபதுகளின் கடைசியில் அவர் மாற்றலாகிப் போய், இளம் வயதுக்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். காலனியில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் சைக்கிளில் போய் மாத்திரை வாங்கி வருவார். ஆனால் பூ வைப்பது, நட்சத்திரம் கட்டுவது, பொங்கல், ஏன் கிறிஸ்துமஸ் தேதிகூட அவருக்கு ஆகாது. "வேதத்துல எங்க கீது, காட்டுங்க" என்பார். யாராலும் காட்ட முடியவில்லை.

நான் டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பிய வயது. சடையில் பூவை விட்டேன். வேதாகமத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் போட்டுக் கோடில்லாத பக்கமே இல்லாமல் செய்தேன். அந்த டிசம்பரில் மாமா மூங்கிலோடு வந்தார். வேண்டாம் என்றேன். மூங்கிலை வேலியில் சாத்திவிட்டுப் போனார். பிறகு அதில் அவரைக்கொடி ஏறியது.

பொங்கலன்று காலை வழக்கம்போல வந்தார். அப்பா வெளியே போயிருந்தார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"மாமா, சாமிக்குப் படைச்சத நாங்க சாப்புடக் கூடாது."

அவர் கோபிக்கவில்லை. "படைக்கலம்மா. சாமிக்குக் காட்டறதுக்கு முன்னாடியே உங்க பங்கத் தனியா எடுத்து வெச்சிட்டேன். உங்கம்மா கல்யாணம் கட்டிப் போன வருசத்துலேர்ந்து அப்டித்தான் கொண்டாறேன்."

அத்தனை வருஷம் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அங்கேயே நான் விலகி வழிவிட்டிருக்க வேண்டும். பதில் தெரிந்த பிள்ளை கைதூக்குவதுபோல, "அந்தப் பண்டிகையே கூடாது மாமா" என்றேன்.

என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். "குப்பு" என்றார். அடுப்படியில் அம்மாவின் வளையல் சத்தம் நின்றது. அவள் வரவில்லை.

"அதுக்கு வேல கீது போல. இருக்கட்டும். கொஞ்சம் தண்ணி குடும்மா."

குடித்துவிட்டுச் சொம்பை என் கையில் கொடுத்தார். கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு, தூக்கும் துணிப்பையுமாகப் பஸ்ஸுக்கு நடந்தார். அன்று நாங்கள் பழைய சோறு சாப்பிட்டோம். அம்மா சாப்பிடவில்லை.

அந்தக் கோடையில் பெருநகரில் ஒரு கிணற்றைத் தூர் வாரும்போது மண் சரிந்து மாமா போய்விட்டார். சாவுக்குப் போகலாம், சடங்கில் கை வைக்கக் கூடாது என்றார் உபதேசியார். நான் பந்தலுக்கு வெளியே நின்றேன். அம்மா நேராகப் போய், எல்லாரும் பார்க்க, அண்ணன் வாயில் அரிசி போட்டாள். சபையில் எழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்கவில்லை. திருவிருந்தில் அப்பமும் ரசமும் இல்லாமலே அந்த வருஷம் முழுக்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உபதேசியார் இரண்டு வருஷத்தில் வேறு ஊருக்குப் போனார். எண்பதுகளில் கடையில் விற்கிற நட்சத்திரம் வாங்கி எல்லாரும் கட்டினோம். யாரும் எதுவும் சொல்லவில்லை.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் மத்தியானம், தலைவாரிவிட்டபடியே, "அன்னிக்கு மாமாவ நான்தான் வாசல்லயே அனுப்பிட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

"நீ சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும்" என்றாள். சடையைப் பின்னி முடித்ததும், "நான் உள்ளதான இருந்தேன். எழுந்து வரத் தெரியாதா எனக்கு?" என்றாள்.

அவளும் போய்விட்டாள். மாமாவின் பிள்ளைகள் வேலை தேடி எந்தெந்த ஊருக்கோ போனார்கள். விலாசம் யாரிடமும் இல்லை. பெருநகரில் அவர் வீடு இருந்த இடத்தை ஒருமுறை தேடிப் போனேன். யாரைத் தேடுகிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். பெயரைச் சொன்னேன். அப்படி யாரும் இங்கே இருந்ததில்லையே என்றாள்.