எனக்கென்று வாங்கிய ஓவன்

இன்று காந்திபுரத்துக் கடையில் புதுச் சமையலறைக்கு அடுப்பு வாங்கினோம். மகனுக்கும் மருமகளுக்கும் நாலு பர்னர் வைத்த அடுப்பு பிடித்துவிட்டது. நானும் திருகிப் பார்த்தேன்.

மகன் கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டான்: "இதுக்குப் பூட்டு வருதுங்களா? அம்மா போன மாசம் கேஸைத் தொறந்துட்டு மறந்துபோட்டாங்க."

எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"பூட்டெல்லாம் இல்லீங்க. அம்மாவுக்குத் தனியா இந்தக் கரண்ட் ஓவன் வாங்கிக் குடுங்க. நேரமானா மணியடிச்சுத் தானா நின்னுக்கும். கேக்கு, பன்னு சுடலாமுங்க," என்றார் அவர்.

"நான் ரசம் வெக்கோணும் தம்பி," என்றேன்.

மகன் என் முகத்தைப் பார்க்காமல் இரண்டுக்கும் பில் போடச் சொன்னான்.

நாற்பது வருஷம் இந்தக் குடும்பத்துக்கு ஆக்கிப் போட்டவள் நான். ஓவனில் ரசம் வைக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன்.