மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் ஓர் இடது காதும்

காது அடைத்தது பர்லியாற்றில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிற பேருந்தில் அங்கே யாருக்குத்தான் அடைக்காது? மலையில் இருப்பவர்கள் எச்சிலை விழுங்குவோம், வலுக்கட்டாயமாகக் கொட்டாவி விடுவோம். “பர்லியாத்துல அடைச்சா காட்டேரியில தொறக்கும், கவலப்படாதீங்க” என்று ஒரு நடத்துனர் வாந்தி வந்த பிள்ளையின் அம்மாவிடம் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. அன்றும் அதற்கு மேலே உள்ள காட்டேரி என்ற ஊர் வந்ததும் என் வலது காது ‘டப்’பென்று திறந்தது. இடது திறக்கவில்லை.

நாளைக்குத் திறந்துவிடும் என்று வீட்டுக்குப் போய் ரசம் வைத்தேன்.

இதை எழுதுவதே அந்த ‘நாளைக்கு’க்காகத்தான். உங்களில் யாராவது ஒற்றைக் காது மட்டும் அடைத்திருக்க, இதைப் படித்துக்கொண்டே கொட்டாவி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால், பத்திரிகையை மூடி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். மீதியை மருத்துவமனை நடையில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

என் பெயர் மரகதம். அறுபத்து மூன்று வயது. குன்னூரில் ஒரு விடுதிப் பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டு வயலின் சொல்லிக்கொடுத்தேன். மேற்கத்திய இசையை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பள்ளி அலமாரியில் கிடந்த இசைத்தாள்களைப் பார்த்து, தப்பும் தவறுமாக நானே பழகியது. கையில் தப்பு வரும், காதில் வராது என்பது என் கர்வம்.

ஐரோப்பாவில் முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இசையைப் பரோக் என்பார்கள். அதில் துணைக்கு எந்த வாத்தியமும் இல்லாமல் வயலின் மட்டும் தனியே வாசிக்கிற உருப்படிகள் உண்டு. வாசிப்பது ஒருவர், கேட்பவருக்கோ இருவர் பேசிக்கொள்வதுபோல இருக்கும். வாழ்நாளில் ஒரு பதிவாவது விட்டுப்போக வேண்டும் என்று அவற்றில் ஏழு உருப்படிகளை எடுத்துக்கொண்டேன். ஆறு முடிந்திருந்தன. பாக்கி இருந்தது ஏழாவது, இருப்பதிலேயே நீளமானது.

பதிவு நடந்த இடம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மாடி. பச்சை இலையைப் பரப்பி வாட்டுகிற இடம். என் கணவர் பழனிசாமி அங்கே டீ மேக்கராக (இலையைத் தேயிலைத் தூளாக்கும் வேலையை மேற்பார்ப்பவர்) இருந்து ஓய்வு பெற்றவர். மேனேஜரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தார். நீளமான மரத்தளம். வில்லை எடுத்த பிறகும் ஒலி அங்கே கொஞ்ச நேரம் உலவும். கொழுந்து குறைந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி ஓடாது. ஆகவே எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை. பதிவு செய்கிறவள் நித்யா, கோயம்புத்தூர்ப் பெண். சனிக்கிழமையே ஏறி வந்து எங்கள் வீட்டில் தங்குவாள்.

அன்று நான் கோயம்புத்தூர் போனதும் இதற்காகத்தான். இந்த இசைக்கு அந்தக் காலத்து முறைப்படி ஆட்டுக்குடலில் முறுக்கிய தந்திகளைப் போட்டு, சுருதியை அரைச் சுரம் இறக்கி வாசிப்பேன். புதுத் தந்திகள் வாங்கிக்கொண்டு வந்த பேருந்தில்தான் காது அடைத்தது. அது வெள்ளிக்கிழமை.

முதல் ஞாயிறு. தந்திகளைச் சுருதி கூட்டினேன். கூடியது. வாசித்தேன். கூடவில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் பக்கத்தில் இன்னொன்று, மெலிதாகத் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல. புதுத் தந்தி இழுபடும், இரண்டு நாள் பொறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது ஞாயிறு. பனிமூட்டம் ஜன்னல் வழியாக மாடிக்குள்ளேயே வந்துவிட்டது. குடல் தந்திக்கு ஈரம் ஆகாது. அதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். நித்யா தயங்கித் தயங்கி, சுருதி காட்டும் செயலியைத் திறந்து போனை நீட்டினாள்.

“மேடம், கொஞ்சம் இறங்கியிருக்குதுங்க.”

“கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு கண்ணு? எனக்குக் காது இருக்குது.”

அவள் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் முகத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு. குதிரையை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) நகர்த்திப் பார்த்தேன். வில்லில் ரோசின் பிசினைக் கூடுதலாகத் தேய்த்தேன். மாடியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போனேன். கீழே ஃபேக்டரிப் பூட்டும் சாவியுமாக உட்கார்ந்திருந்த என் கணவர் படியேறி வந்தார்.

“என்ன அம்மிணி, இன்னைக்கு எது கோணல்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாமா. கூடம் நம்ம ஃபேக்டரிது, அதைக் கொற சொல்லாத.”

“நீங்க சும்மா இருங்க. தந்தி மட்டம். நாளைக்குக் கடைக்காரனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்கறேன்.”

திங்கட்கிழமை காலை கூப்பிட்டேன். வலது காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தந்தி உறையில் இருந்த எண்ணைப் படிப்பதற்காகப் போனை இடது காதுக்கு மாற்றினேன். அங்கே வேறு மணி அடித்தது.

மறுபடி வலது. மறுபடி இடது. ஒரே போன், ஒரே அழைப்பு. இடது காதில் அது கால் சுரம் ஏறிக் கேட்டது, ஓரமெல்லாம் கரகரப்பு. கடைக்காரர் எடுத்து “அலோ, அலோ” என்றார். அவரும் இரண்டு குரலில் சொன்னார். திட்டுவதற்கு வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போனதோ! “ஒண்ணுமில்லைங்க, தந்தி நல்லா இருக்குதுங்க” என்று வைத்துவிட்டேன்.

கணவரைக் கூப்பிட்டேன். அவர் எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டினார். தன் உள்ளங்கையால் என் இடது காதைப் பொத்தினார், தட்டினார். வலதைப் பொத்தினார், தட்டினார்.

“இப்ப?”

“வேற.”

“இப்ப?”

“அதுவும் வேற.”

“டம்ளர் ஒண்ணுதான் அம்மிணி” என்றார்.

வயலினை இடது தோளில்தான் வைக்கிறோம். இடது காதுக்கு ஒரு சாண் தூரம். இத்தனை நாளாக அந்தக் காது ஏற்றிக் கேட்டதை இறக்கி இறக்கி வாசித்திருக்கிறேன். செயலி சரி, தந்தி சரி, பனிமூட்டம்கூடச் சரி.

செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூரில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். இறங்கும்போதும் பர்லியாற்றில் இரண்டு காதும் அடைத்தன. எது நோய், எது மலை என்று அந்தப் பேருந்தில் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சின்னச் சின்ன ஒலிகளை அனுப்பி, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது பக்கத்துக்கு வந்தபோது, ஒலி வந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா என்றே தெரியவில்லை. உத்தேசமாக அழுத்தினேன். தேர்வில் காப்பி அடிக்கிற பிள்ளைபோல இருந்தது.

மருத்துவர் இளம்பெண். வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“எத்தனை நாளா இப்படிங்கம்மா?”

“மூணு ஞாயித்துக்கெழமைங்க.”

“நாள் கணக்குல சொல்லுங்க.”

என் கணவர்தான் விரல்விட்டு எண்ணினார். பதினெட்டு.

“முதல் நாளே வந்திருக்கக் கூடாதுங்களா?”

“மலைக் காதுன்னு நெனச்சேனுங்க டாக்டர்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். திடீர் உள்செவி நரம்புக் குறைபாடு (உள்காது சில மணி நேரத்திலோ சில நாளிலோ கேட்கும் திறனை இழப்பது) என்றார். பெரும்பாலும் காரணம் தெரியாது. சிலருக்கு முழுதும் திரும்பும், சிலருக்குப் பாதி, சிலருக்குத் திரும்பாது. மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. முதல் இரண்டு வாரம் முக்கியம் என்றபோது மேசையைப் பார்த்தபடி சொன்னார். ஒரே ஒலி இரண்டு சுருதியாகக் கேட்பதும் இதனால்தான். நரம்பில் கட்டி ஏதும் உண்டா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். இல்லை.

முதலில் ஸ்டீராய்டு மாத்திரை (வீக்கத்தைத் தணிப்பது). அது பசியைக் கிளப்பிவிட்டது. காலை பதினொரு மணிக்கு நாலாவது தோசை கேட்டேன். காரணமில்லாமல் அழுதேன், காரணமில்லாமல் அலமாரியை அடுக்கினேன். சர்க்கரை ஏறுகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இவையெல்லாம் மருந்தின் வேலை. மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பிறகு, வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள், செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள். சுருக்கென்ற வலி ஒரு கணம்தான். அதன் பிறகு அறை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அரைமணி நேரம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும்.

“எச்சில் மட்டும் முழுங்காதீங்க. மருந்து தொண்டைக்குள்ள எறங்கிரும்” என்றார் செவிலியர்.

அறுபது வருஷமாகக் காது திறக்க எச்சில் விழுங்கியே பழகியவள் நான். காது அடைத்துக் கிடக்க, விழுங்காதே என்கிறார்கள். தொண்டை தானாக அசைந்தது. பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வீட்டில் தினமும் காலையில் டம்ளர் பரீட்சை. ஒரு நாள் இரண்டு காதும் நெருங்கி வரும். மறுநாள் விலகும். “கிட்ட வந்துருச்சா?” என்று அவர் கேட்பார். வந்தது என்பேன், பிறகு இல்லை என்பேன். உண்மையில் நேற்றைய ஒலி எப்படி இருந்தது என்பதையே நான் மறந்திருப்பேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு என்னிடம் இருந்ததும் அதே காதுதானே.

கடைசி வரைபடத்தில் கீழ்ச்சுரங்கள் ஏறக்குறையத் திரும்பியிருந்தன. மேற்சுரங்கள் திரும்பவில்லை. இனி பெரிதாக மாறாது என்றார் மருத்துவர். இரைச்சல் (வெளியில் ஒலி இல்லாமலே காதில் கேட்கும் ஒலி) தங்கிவிட்டது. சீழ்க்கைபோல ஒரு மெல்லிய ஒலி, ஓயாமல்.

“டாக்டர், நான் ஏழாவதை வாசிக்கலாமுங்களா?”

“வாசிக்கறதுக்குத் தடை இல்லைங்கம்மா. சரியா வருதான்னு எனக்குச் சொல்லத் தெரியாது.”

எனக்கும்தான் தெரியாது. நித்யாவுக்குப் போன் செய்தேன், வலது காதில். “செயலியைக் கொண்டு வா கண்ணு” என்றேன். “சரிங் மேடம்” என்றாள்.

அந்த ஞாயிறு, இடது காதில் நுரை அடைப்பானைச் செருகிக்கொண்டேன். அவள் செயலியைப் பார்த்துச் சொல்ல, நான் தந்திகளைக் கூட்டினேன். மானம் போனது, சுருதி சேர்ந்தது. வாசிக்கத் தொடங்கினால் வயலின் வேறு யாருடையதோபோல, மாடியின் அடுத்த கோடியில் கேட்டது. கழுத்தெலும்பு மட்டும் அது என்னுடையது என்று அதிர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. விரல்கள் நாற்பது வருஷப் பழக்கத்தில் போய் விழுந்தன. அது சரியான இடமா என்று கேட்டுத் திருத்த அவகாசமில்லை. இரண்டு முறை நின்றேன். மூன்றாவது முறை நிற்கவில்லை.

கடைசிச் சுரம் நீளமானது. வில்லை எடுத்த பிறகும் அசையக் கூடாது. மரத்தளத்தில் உலவும் ஒலி முழுக்க அடங்கும்வரை பதிவு ஓடிக்கொண்டிருக்கும். அடங்கியதும் வில்லைக் கீழே இறக்குவேன். அதைப் பார்த்துத்தான் நித்யா நிறுத்துவாள். ஆறு உருப்படிகளுக்கும் அதுதான் எங்கள் வழக்கம்.

காத்திருந்தேன். ஒலி மெலிந்தது, இன்னும் மெலிந்தது, ஒரு சீழ்க்கை அளவுக்கு வந்து அங்கேயே நின்றது. அடங்கட்டும் என்று நின்றேன். அடங்கவில்லை. அது மாடியில் இருக்கிறதா, எனக்குள் இருக்கிறதா என்று தெரியவில்லை. வில்லை உயர்த்தியபடியே நின்றேன். நித்யா என் வில்லையே பார்த்தபடி நின்றாள்.

படிக்கட்டிலிருந்து என் கணவரின் குரல் வந்தது.

“ஏனுங்க, ரெண்டு பேரும் போட்டோவுக்கா நிக்கறீங்க? முடிஞ்சுதா இல்லியா?”

நித்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் வில்லை இறக்கினேன்.

மறுவாரம் போன் செய்தாள். செயலி வைத்துப் பார்த்ததில் இரண்டே இடங்களில் இறங்கியிருக்கிறதாம், வெளியே தெரியாதாம். அவள் சொன்னால் சரி. பிறகு கேட்டாள்:

“கடைசியில ஒண்ணுமில்லாம ரொம்ப நேரம் ஓடுதுங் மேடம். சார் பேசறதுக்கு முன்னாடி வெட்டட்டுங்களா?”

“எவ்வளவு நேரம் கண்ணு?”

“ஒண்ணேகால் நிமிஷமுங்க.”

எனக்கு அது மூச்சு ஒன்றை இழுத்து விடுகிற நேரமாகத்தான் இருந்தது. எங்கே வெட்ட வேண்டும் என்று அவளையே பார்த்துக்கொள்ளச் சொன்னேன். போனை வைத்துவிட்டு, கேட்பது அடுப்பில் பால் பொங்குகிற சத்தமா, என் காதின் சீழ்க்கையா என்று எழுந்து போய்க் கண்ணால் பார்த்தேன்.