விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோது

ஊருக்கு வந்து நாலு நாளாகிறது. சென்னையில் மாணவர் விசா ஸ்டாம்பிங் முடிந்த கையோடு சேலத்துக்கு ரயில் ஏறி, அங்கிருந்து பஸ் மாறி மாறி மலைக்கு வந்தேன். வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். செம்மேட்டில் வண்டியோடு காத்திருந்த அண்ணன், "மலையில பொறந்த புள்ளைக்கே மலை ஒத்துக்கலையா அம்மிணி?" என்று கிண்டல் செய்தான். நானும் சிரித்தேன். எங்கள் ஊர் இருக்கும் குண்டனி நாட்டுப் பக்கம் வண்டி திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா இல்லாத வீட்டுக்கு முதல்முறையாக வருகிறேன். அவர் இறந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இந்த வீட்டில் எனக்குப் பயமாக இருக்கிறது. பேய் பயம் இல்லை. அப்பா பேயாக வந்தால்கூட, பேச ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்படுவேன். அம்மாவைப் பார்த்துத்தான் பயம். சோறு போடும்போதுகூடத் தப்புச் செய்தவள் மாதிரி என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறாள். அந்தத் தப்பு எது, யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணமாகி அமெரிக்கா போனது கணவரின் வேலை விசாவில் ஒட்டிக்கொண்டு. எச்-ஃபோர் என்பார்கள். மனைவி என்பதைத் தவிர அந்த விசாவில் எனக்கு வேறு வேலை கிடையாது. நாலு வருடம் அப்படி இருந்துவிட்டு, மண்ணியல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலையும் கொடுத்து, அதற்குப் பதிலாகக் கட்டணம் வேண்டாம் என்றார்கள். ஆனால் அந்த வேலையில் சேர மாணவர் விசா நிலை வேண்டும். நாட்டைவிட்டு வெளியே வராமல் அங்கேயே நிலையை மாற்றிக்கொள்ளலாம் என்று வக்கீல் அம்மா சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. முடிவு வரும்வரை நாட்டைவிட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம்.

இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது? பொங்கலுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். போனில் நிலை, மாற்றம், நிலுவை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாஞ் செரி, எப்ப வாரே?" என்றார். சட்டென்று எனக்கு ஒரு வழி தோன்றியது. எங்கள் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் கையில் காப்புக் கட்டியவர்கள், அதை அவிழ்க்கும் நாள்வரை எல்லை தாண்டிப் போய் வெளியூரில் தங்க மாட்டார்கள். "எனக்கு இங்க காப்புக் கட்டியிருக்காங்கன்னு வச்சுக்கங்கப்பா. அவுக்கற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது" என்றேன்.

அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்பச் செரி சாமி. காப்புக் கட்டுனவ தாண்டப்படாது. நீ காரியத்த முடிச்சுட்டு வா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வக்கீல் மூன்று பக்கத்தில் எழுதியதை ஒரே வரியில் சொல்லிவிட்டேன் என்று கணவரிடம் பீற்றிக்கொண்டேன். அப்பாவோடு நான் கடைசியாகப் பேசியது அதற்கடுத்த வாரம். சாமைக் காட்டில் பன்றி இறங்கிவிட்டது என்று திட்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அப்பா போனுக்கு வரவே இல்லை. நான் சாயங்காலம் கூப்பிட்டால் அங்கே காலை. அம்மாதான் எடுப்பாள். "குச்சிக்கெழங்குக் காட்டுல இருக்காரு கண்ணு, அங்க டவர் கெடைக்காது." அடுத்த வாரம், "பேளுக்குறிச்சி சந்தைக்குப் போயிருக்காரு." அதற்கடுத்த வாரம், "தொண்டை கட்டிக்கிச்சு, பேச்சு வரல." அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. ஒரு சமயம் அடுத்தடுத்து மூன்று வாரமும் சந்தைக்குப் போனதாகவே சொன்னாள். சந்தைக்குப் போவதென்றால் அப்பாவுக்கு வேப்பங்காய். நான் உம் கொட்டினேன்.

தை மாதம், மிளகு காயப்போட்ட படத்தை அண்ணன் அனுப்பினான். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடியில் அந்த வருடம் நல்ல காய்ப்பு, அதைக் காட்டத்தான். தார்ப்பாய் முழுக்க மிளகு. படத்தின் ஓரத்தில் மிளகைத் துழாவும் ஒரு கை. அம்மாவின் கை, ஆள்காட்டி விரலில் அரிவாள் வெட்டின தழும்போடு. அந்தக் கையில் வளையல் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா கை வளையல் இல்லாமல் இருந்ததில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னும் பெரிதாக்கினேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காய்கறி நறுக்கப் போனேன்.

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஒரு கேள்விதான். கேட்டால் சொல்லியிருப்பான். சொன்னால் நான் கிளம்ப வேண்டும். கிளம்பினால் விண்ணப்பம் போச்சு, இடம் போச்சு, நாலு வருடக் காத்திருப்பு போச்சு. இதெல்லாம் அப்போது வார்த்தையாக மனதில் ஓடவில்லை. ஆனால் கணக்காகத்தான் இருந்தேன். தெரியாதவரைக்கும் நான் போக வேண்டியதில்லை.

அந்த வாரம் அம்மாவைக் கூப்பிட்டபோது நானாகவே சொன்னேன்: "அப்பாவை மாத்திரையை ஒழுங்காப் போடச் சொல்லும்மா." "சொல்றேன் கண்ணு" என்றாள். அடுத்த வாரமும் சொன்னேன். பனி அதிகம், அப்பாவைக் காதில் துண்டு கட்டிக்கொள்ளச் சொல் என்றேன். இல்லாத மனுஷனுக்கு நான் துண்டு கட்டிவிட்டேன். அவளும் கட்டிவிட்டதாகச் சொன்னாள். இன்றைக்கும் ஆய்வுக்கூடத்தில் மண்ணைச் சலிக்கும்போது திடீரென்று அந்தக் குரல் கேட்கும். அப்பாவின் குரல் இல்லை, என்னுடைய குரல். மாத்திரையைப் போடச் சொல்லும்மா. சல்லடையைக் கீழே வைத்துவிடுவேன்.

பங்குனியில் ஒப்புதல் வந்தது. ஊருக்குப் பேசினேன். "அப்பக் காப்பு அவுந்துருச்சா கண்ணு?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லா அவுந்துருச்சா?" என்று மறுபடி கேட்டுவிட்டுத்தான் சொன்னாள். அப்பா போய் ஐந்து மாதம். காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை மலையிறக்கி நாமக்கல் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. காப்புக் கட்டியவர் காதில் சாவுச் சேதி போடக் கூடாது என்பது எங்கள் ஊர் முறை. அதை நான் மறந்தே போயிருந்தேன். நான் விளையாட்டாகச் சொன்ன காப்பை அப்பா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்; அவர்களும் நிஜக் காப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். ஊரே சேர்ந்து வாயைக் கட்டியிருக்கிறது. என் கணவருக்கும் சொல்லவில்லை. அவர் வாயில் எதுவும் நிற்காது என்று அண்ணனுக்குத் தெரியும்.

நான் அழுதேன். அழுகை நிஜம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எப்படிம்மா மனசு வந்துச்சு உனக்கு? பெத்த அப்பன் சாவுக்கு என்னைக் கூப்பிடாம இருக்க நீ யாரு?" என்று கத்தினேன். மூன்று வாரம் அவள் போனை நான் எடுக்கவில்லை. எடுத்த பிறகும் முன்போல் பேசவில்லை. அதோடு ஊருக்கும் வரவில்லை. நிலை மாறினாலும் பாஸ்போர்ட்டில் விசா இல்லை, வெளியே வந்தால் சென்னையில் புதிதாக வாங்கித்தான் திரும்ப வேண்டும், மறுத்துவிட்டால் படிப்பு நடுவில் நிற்கும் என்று காரணம் வைத்திருந்தேன். காரணம் உண்மைதான். ஆனால் எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

இன்று காலை நானும் அம்மாவும் பறித்து வந்த மிளகைக் காம்பிலிருந்து உதிர்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் காட்டுக்குப் போயிருந்தான். அம்மா குனிந்தபடியே பேச்சை எடுத்தாள். "உன்னைய ஏமாத்திப்போட்டேன் கண்ணு. அந்த ஈரக்கொலை நடுக்கம் இன்னும் போகல. நீ அப்பனுக்குத் துண்டு கட்டச் சொல்லுவே, நான் போன வெச்சுட்டு ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போயி அழுவேன். என்னைய மன்னிக்கோணும் நீ."

எனக்குத் தை மாதமே தெரியும் அம்மா. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். வாய்வரை வந்தது. மிளகை உதிர்த்துக்கொண்டே இருந்தேன். தெரிந்துகொண்டே வாராவாரம் அவளை அழவைத்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு நான் கட்டாயம் கிளம்பி வந்திருக்கக்கூடிய மகள். சேதி தெரியாததால் மட்டும் வராத மகள்.

"பரவால்லம்மா. மன்னிச்சாச்சு, விடு" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மதியம் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு, நான் வந்த பிறகு முதல்முறையாக அசந்து தூங்கினாள். எழுந்ததிலிருந்து வாசலில் நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் தன் மகள் மன்னித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.