கொண்டக்டர் ஷரிபுதீன் ஏறாத ட்ராம்

சாய்ந்தமருதில் ஷரிபுதீன் வீடு எதுவென்று கேட்டால் எந்த ஷரிபுதீன் என்பார்கள். கொண்டக்டர் என்று சொல்லிப்பாருங்கள், கூட்டிக்கொண்டே போய் விடுவார்கள். கல்முனை அம்பாறை பஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் நின்ற மனிதர். நேர்மையில் அவரை அடிக்க ஆளில்லை. அந்த நேர்மையால் வீட்டார் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமில்லை. டிக்கட் எடுக்கவில்லை என்று சொந்த மச்சானையே காரைதீவுச் சந்தியில் இறக்கிவிட்டவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

நாட்டில் சண்டை முடிந்த மறுவருடம் பென்ஷன் எடுத்த கையோடு, பாரிஸில் குடியிருக்கும் ஒரே மகள் மர்ஷூதாவிடம் போனார். மனுசன் ஐரோப்பா பார்க்கப் போகிறார் என்றது ஊர். அவர் போனதோ மகளிடம் ஒரு விஷயம் சொல்ல. சுனாமியன்று காலை அவர் மனைவி நாச்சியா, சம்மாந்துறையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போக அவருடைய பஸ்ஸுக்கே வந்தாள். பஸ் நிறைந்திருந்தது. பெண்டாட்டிக்கு இடம் பிடித்துக் கொடுத்தார் என்று யாராவது கதைத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம்.

"நெருக்கமா இரிக்கி, நீ அடுத்ததுல வா" என்றார். போகலாம் என்று பஸ்ஸில் இரண்டு தட்டுத் தட்டினார், பஸ் போய்விட்டது. நாச்சியா கடற்கரை வீட்டுக்குத் திரும்பினாள். அடுத்த பஸ்ஸுக்கு முன் கடல் வந்தது. மூன்றாம் நாள்தான் ஜனாஸா கிடைத்தது. பிரான்ஸ் விசாப் பத்திரம் இன்னும் சரிவராததால் மகளால் அடக்கத்துக்கும் வரமுடியவில்லை.

இது தனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரியும் என்று ஐந்து வருடம் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கினார், பாவம். டெலிபோனில் சொல்ல வாயெடுப்பார். சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவார்.

மகள் ஒரு கிழமை லீவு போட்டு அவரை ரெயிலில் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு திரிந்தாள். பாரிஸில் பஸ் ஏறியதும் மனுசன் கொண்டக்டரைத் தேடினார். அப்படி ஒருவர் இல்லை என்றதை அவரால் நம்பவே முடியவில்லை. பழக்க தோசம், எல்லோரும் ஏறி முடிந்ததும் கதவுப் பக்கம் இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். ட்ரைவர் கண்ணாடியால் முறைத்தான். மர்ஷூதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அச்சாக உம்மா நாச்சியாவின் சிரிப்பு. சொல்ல வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார்.

பிரஸ்ஸல்ஸில் கால் கடுக்க நடந்தார்கள். மழைக்கு ஒரு கடை வாசலில் ஒதுங்கியபோது பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினார். மழை விட்டுவிட்டது, மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

கடைசியாக ஆம்ஸ்டர்டாம். ரெயில் நிலையத்துக்குத் திரும்ப ட்ராமுக்கு நின்றார்கள். வந்த ட்ராமில் சனம் பிதுங்கியது. மகள் முதற்படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"நெருக்கமா இரிக்கி மகள், நீ போ. நான் அடுத்ததுல வாறன்" என்றார். வாயிலிருந்து வந்தபிறகுதான் தன் சொல் தன் காதில் விழுந்தது. நின்ற இடத்திலேயே மரத்துப்போனார். மகள் பதறி இறங்க, ட்ராம் போய்விட்டது. ட்ராம் தரிப்பிடத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். உன் உம்மாவை நான்தான் விட்டுவிட்டு வந்தேன் என்றார்.

மர்ஷூதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் வாப்பா. நீங்க போன கையோட உம்மா கொமினிகேஷன் கடையில இருந்து எனக்கு டெலிபோன் எடுத்தா. உங்க வாப்பா எனக்கே பஸ்ஸில இடம் தரல்ல புள்ள எண்டு செல்லிச் செல்லிச் சிரிச்சா. இஞ்ச விடியச்சாமம், எனக்கு நித்திர. நாளைக்கிக் கதைப்பம் உம்மா எண்டு நான் வெச்சிட்டன்."

ஷரிபுதீன் மகளை அணைத்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள், வெள்ளைக்காரர் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். உம்மா சிரித்தாளா, உண்மையாகவே சிரித்தாளா என்று மூன்று தரம் கேட்டார். ஓம் வாப்பா என்று மூன்று தரமும் சொன்னாள்.

அடுத்த ட்ராமும் நிறைந்துதான் வந்தது. மகள் அவரைத் தள்ளி ஏற்றித் தானும் ஏறினாள். ஷரிபுதீன் வெளியே எட்டிப் பார்த்தார். தூரத்தில் ஒரு கிழவி பையும் கையுமாக ஓடி வந்தாள். மூடப்போன கதவுக்குள் காலை வைத்தார். மணி அடித்தது, ட்ரைவர் ஏதோ கத்தினான், மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மனுசன் அசையவில்லை. கிழவி ஏறி, பிடிக்கக் கம்பியும் கிடைத்த பிறகுதான் காலை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டினார்.