ஒற்றைக் கதவுக் கூடம்

எங்கள் ஊர்ப் பொதுக்கூடத்துக்கு ஒரே ஒரு கதவு. கட்டியவர்களுக்கு இன்னொரு கதவு வைக்கத் தெரியாமல் இல்லை. அதற்கு முன்பு கூட்டம் நடந்த கொட்டகையில், கால்வாய் தூர்வார ஆள் கேட்டவுடன் பாதிப் பேர் பின்பக்கமாக நழுவிவிடுவார்களாம். அதனால் புதுக் கூடத்துக்குப் பின்கதவே கூடாது என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக முடிவு செய்தார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் அவர்கள் தலையிலேயே விடிந்தது. விடியவைத்தது என் அம்மா.

அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். அப்பா சுவர் எழுப்பினார். கலவைக்குத் தண்ணீர் முழுவதையும் அம்மாவும் மற்றப் பெண்களும் இடுப்பு ஒடியச் சுமந்தார்கள். அப்போது நான் அவள் வயிற்றில். திறப்பு நாளன்று முதல் கூட்டம். பெண்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தார்களாம். என்ன ஒரு தாராள மனசு.

அம்மா ஜன்னல் பக்கமே போகவில்லை. நிறைமாத வயிற்றோடு வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வராதே என்றுதானே சொன்னார்கள்? அவள் உள்ளே போகவில்லை. கூட்டம் முடிந்து எழுந்த ஆண்களுக்கு வெளியே வர வழியில்லை. பிள்ளைத்தாய்ச்சியைத் தாண்டிப் போக எவனுக்குத் துணிச்சல் வரும்? ஊர்த் தலைவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பெண்டாட்டியை அடக்கத் தெரியாதா என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார். அப்பா வந்து குனிந்து, "எழுந்திரு, மானம் போகுது" என்றிருக்கிறார்.

"யாரு மானம்?" என்று கேட்டாளாம் அம்மா.

பசி வந்ததும் எல்லோரும் வழிக்கு வந்தார்கள். அடுத்த கூட்டத்திலிருந்து பெண்களும் உள்ளே உட்காரலாம் என்றார் தலைவர். இந்தக் கூட்டத்திலிருந்து என்று அம்மா திருத்தினாள். கொஞ்சம் நகர்ந்து பெண்களுக்கு மட்டும் வழிவிட்டாள்; கடைசிப் பெண் உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் எழுந்தாள். அன்றைக்கு அவளுக்கு 'வாசப்படி' என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்ததுதான். அவள் அதைப் பட்டம்போலச் சுமந்துகொண்டு திரிந்தாள்.

அதற்குப் பிறகு அந்தக் கூடம் எங்களுக்கு எல்லாமாகவும் இருந்தது. தையல் வகுப்பு அங்கேதான், கல்யாணம் அங்கேதான், வெள்ளம் வந்தபோது ஊரே படுத்துக் கிடந்ததும் அங்கேதான். பழைய தலைவர் போய் அவர் மகன் தலைவரானார். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அவருடைய மைத்துனன் உர வியாபாரி. மூட்டை அடுக்க இடம் தேடினான். கூடம் சும்மாதானே கிடக்கிறது என்றார் தலைவர். தையல் மெஷின்களை யாரையும் கேட்காமல் வெளியே தூக்கி வைத்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

உர லாரி வந்தபோது அம்மா வாசலில் இருந்தாள். முட்டிவலி, அதனால் இந்தத் தடவை பிளாஸ்டிக் நாற்காலி. தலைவர் கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். பின்சுவரை இடித்து வழி பண்ணித் தர வேண்டும். அப்பா உளியும் சுத்தியலும் போட்ட பையோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு மானம் போகுது என்ற மனிதர் ஆயிற்றே, இடித்தாலும் இடிப்பார் என்று நினைத்தேன். அவரை மன்னிக்கவே மாட்டேன் என்றும் நினைத்தேன்.

பின்பக்கம் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பையை அம்மாவின் காலடியில் வைத்தார்.

"சுவரு நான் வச்சது. தண்ணி இவ சுமந்தது. இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார் தலைவரிடம்.

"முடியாது" என்றாள் அம்மா. தலைவர் இன்னும் கேட்கவேயில்லை.

அதற்குள் தையல் வகுப்புப் பெண்கள் வந்து பின்சுவர் நெடுக முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை இடித்துவிட்டுத்தான் சுவரை இடிக்க வேண்டும். வேறு லோடு இருக்கிறது என்று முனகிக்கொண்டே டிரைவர் லாரியைத் திருப்பினார். மெஷின்களை நாங்களே உள்ளே தூக்கி வைத்தோம்.

தோற்றுப்போனதைத் தலைவர் சும்மா விடுவாரா? அடுத்த கூட்டத்தில், நெருப்பு கிருப்பு பற்றினால் ஜனங்கள் தப்பிக்கப் பின்னாடி ஒரு கதவு அவசியம் என்று பூசி மெழுகினார். எல்லோரும் அம்மாவையே பார்த்தார்கள். அவள் மறுக்கவில்லை.

"தாராளமா வைங்க. அந்த வாசல்ல உக்கார என் பொண்ணு இருக்கா."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றேன்.