நாலாவது தசமத்தில் ஒரு வேண்டுதல்

இன்று ஹேவாஹெட்ட பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பிள்ளையின் போனிலும், காலையிலிருந்து நான் திறந்து திறந்து மூடும் அதே பக்கம்தான். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை.

"நீங்களும் கெம்பஸுக்குத்தான் பாக்குறீங்களா அக்கா?" என்றாள். என் திரையை அவளும் பார்த்திருக்கிறாள்.

"ஆமா. எங்க டியூஷன் சேர் கண்டி பெரஹரா திருவிழாவுக்கு முந்தியே வந்திரும்னாரு" என்றேன்.

"எங்க சேர் பெரஹரா முடிஞ்சாத்தான்னாரு. அப்ப ரெண்டு பேருக்குமே தெரியாது!"

இருவருக்கும் கண்டி மாவட்டம், இருவருக்கும் மருத்துவம்; அதனால் ஒரே வெட்டுப்புள்ளிதான். உயர்தரப் பரீட்சை அவளுக்கு இது முதல் தடவை. எனக்கு மூன்றாவது. அதற்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாத என் இஸட் புள்ளியை, நாலு தசமம் வரை போகும் அந்தப் பரீட்சைப் புள்ளியை, பெயர்கூடத் தெரியாத அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் போனில் தன் புள்ளியைத் திறந்து பார்த்தாள். "எனக்கு ஒங்களவிட நாலாவது தசமத்துல கொறவு அக்கா. நீங்க தப்பிச்சீங்க."

"வெட்டுப்புள்ளி வந்தாத்தாம்மா தெரியும், யாரு தப்பிச்சாங்கன்னு."

அம்பிட்டியவில் நான் இறங்குவதற்குள் என் நம்பரை வாங்கி ஒரு மிஸ்ட் கால் கொடுத்தாள். "வந்தா ஒடனே சொல்லுங்க அக்கா."

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்குக் கிடைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருக்கிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளை உள்ளே எடுத்தால் என்னை வெளியே நிறுத்த முடியாது.

சரி, உங்கள் சேர் என்ன சொல்கிறார்? பெரஹராவுக்கு முன்னாலா, பின்னாலா?